தானாக அடுக்கிக்கொள்ளும் சக்கரங்கள்

அக்கா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் செய்கிறாள். அப்பா இறந்த பிறகு அந்த வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். நாற்பத்தாறு வயதில், வேலைக்கு நடுவே, முனைவர் பட்டத்துக்கான ஆய்வையும் செய்துகொண்டிருந்தேன்.

என் ஆய்வைச் சக ஆசிரியர்களுக்குச் சொல்வதைவிட அக்காவுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. தட்டையான, வட்டமான மூலக்கூறுகள். அவற்றைப் பாலிபெப்டைடு என்னும் நீண்ட சங்கிலியில், நம் உடம்பிலுள்ள புரதம்போல் சுருண்டு நிற்கும் ஒன்றில், வரிசையாகத் தொங்கவிட வேண்டும். சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூண்களாக நிற்கும். திரவம்போல் நகரும், ஆனால் உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கும். திரவப்படிகம் என்று பெயர். நுண்ணோக்கியில் வைத்தால் அந்த ஒழுங்கு வண்ணங்களாகத் தெரியும்.

"அதை யாரு அடுக்குவா?" என்றாள்.

"யாரும் அடுக்க வேண்டாம்க்கா. தானா அடுக்கிக்கிடும்."

"ஏலே, இருபத்தெட்டு வருசமா ஒவ்வொரு சக்கரத்தையும் நான் கையால அடுக்குதேன். ஒன் சக்கரத்துக்கு மட்டும் காலு மொளச்சிருக்கோ?" சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒருநா கூட்டிட்டுப் போயி அந்த நெறத்தக் காட்டு. அம்புட்டுதான் கேக்கேன்."

அதற்கு முன் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

கம்பெனிக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தாள். மார்ச் மாதம், காற்றில் ஈரமில்லாத நாள். அதற்காகவே அந்த நாளைத் தேர்ந்திருந்தேன். சங்கிலி கட்டுவதற்கான வெள்ளைத் தூளைத் தயாரிக்க எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. அதில் தண்ணீர் பட்டால் வீண். அன்று தொடங்கினால் இரண்டு வாரத்தில் நுண்ணோக்கிக்கு வந்துவிடும். தொடக்கத்தையாவது பார்க்கிறேன் என்று அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தூளை எடை போட்டு, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி வைத்தேன். பக்கத்தில் மின் அடுப்பில் கரைப்பான் சூடாகிக்கொண்டிருந்தது. முதல்வர் கூப்பிடுவதாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். "எதையும் தொட்டுராதக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். பதினோரு நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

அடுப்பின் ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. மேசை முழுக்கத் தண்ணீர். கண்ணாடிக் கிண்ணம் தள்ளி வைக்கப்பட்டு, தூளின்மேல் அக்காவின் ஈரத்துண்டு கிடந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அடுப்ப எரியவிட்டுட்டு மருந்த இங்கன வச்சிட்டுப் போயிட்டியே! ஆவி கெளம்பிருச்சுலே. நனச்சிட்டேன். இனி பயமில்ல."

அக்காவின் ஷெட்டில் வெடிமருந்தை மருந்து என்றுதான் சொல்வார்கள். சிந்திய மருந்துக்குப் பக்கத்தில் சூடு தெரிந்தால் முதலில் நனைக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை, கைதான் முந்த வேண்டும். இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும் சொன்னேன்:

"ஒன்ன யாரு தொடச் சொன்னா? நாலு மாச வேலை. ஒண்ணுந் தெரியாத ஆளக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என் தப்பு."

அக்கா துண்டை எடுத்துத் தொட்டியில் பிழிந்தாள்.

"அது வெடிக்காதா?"

"வெடிக்காது."

"எனக்குத் தெரியாதுல்லா, தம்பி."

மதியப் பஸ்ஸில் போய்விட்டாள்.

இருபத்து நான்கு வருடங்களாக ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் அறையின் வெப்பநிலை இருக்கிறது, ஈரப்பதம் இருக்கிறது, பிறகு ஒரே வரி: "பொருள் ஈரத்தால் கெட்டது, மீண்டும் தொடக்கம்." அக்காவின் பெயர் இல்லை. சூடான அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை விளக்காமல் அவளை விட்டுப் போனதும் இல்லை.

ஜூலையில், புதிதாகச் செய்த பொருள் நுண்ணோக்கிக்கு வந்தது. சூட்டை நிமிடத்துக்கு அரை டிகிரி என்று குறைத்துக்கொண்டே வந்தேன். இருட்டாக இருந்த வட்டத்தில் முதலில் ஒரு மஞ்சள் கீற்று. பிறகு விசிறி விசிறியாகச் சிவப்பும் நீலமும் விரிந்தன. உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"நாளைக்கே வாக்கா."

"நான் எதுக்குலே? நான் வந்தா கெட்டுப்போகும்." கோபமே இல்லை. கம்பெனிச் சுவரில் எழுதியிருக்கும் விதி ஒன்றைப் படிப்பதுபோல் சொன்னாள். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நானே போனேன். அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நல்லாருக்கு. எம்புட்டு நெறம்! தானாவா அடுக்குச்சு?"

"தானாத்தான். இந்தா, கையில வாங்கிப் பெருசாக்கிப் பாருக்கா."

போனை நீட்டினேன். அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நீயே பெருசாக்கு, தம்பி. நான் பாத்துக்கிடுதேன்."

பெரிதாக்கினேன். குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். கைகள் முன்னால் வரவேயில்லை.