பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே

வாசலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கன்னம் தரையில் படுமளவுக்குத் தலையைச் சாய்த்து, வெண்மதி கோலமாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை அவரே நிலைவாசலில் தூவிவிட்டுப் போன மாவு. "கீரிப்புள்ள ஒண்ணு உள்ள போயிருக்கு சார். அதே வழியா திரும்பியும் வந்துருக்கு. மனுசக் காலு இல்ல" என்று எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, அட்டையில் ஒரு டிக் போடுகிறார்.

புவனகிரியிலிருந்து கடலூர் போகும் பக்கம், ஏழு வருடங்களுக்கு முன் மூடிய அனல்மின் நிலையம் இது. நாளைக் காலை பதினொரு மணிக்கு இதன் புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்க்கப் போகிறார்கள். அதற்குள் பதினாறு கட்டடங்களையும் சோதித்து, உள்ளே யாரும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியது வெண்மதியின் வேலை. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெடிமருந்துக்கு வயர் கொடுப்பார்கள். பெண்ணாடத்துக்காரர். வயது முப்பத்தெட்டு. சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, ஒரு பையில் டார்ச், மறு பையில் கோலமாவு.

உள்ளே விடுவதற்கு முன், பத்திரிகைக்கு எழுத வந்த என் கையில் ஒரு மஞ்சள் பூட்டைத் திணித்தார். எண் ஒன்பது. கேட்டருகே ஒரு பலகையில் வரிசையாகக் கொக்கிகள். உள்ளே போகிறவர் எவரானாலும் தன் பூட்டை அதில் மாட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வெளியே வந்ததும் தானே திறந்து எடுக்க வேண்டும். "பூட்டு தொங்கினா ஆளு உள்ள. அவ்ளோதான் சார் கணக்கு." அவருடைய சிவப்புப் பூட்டுதான் முதலில் ஏறும், கடைசியில் இறங்கும். சாவி கழுத்துச் சங்கிலி ஊக்கில் ஆடிக்கொண்டிருக்கும்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பூட்டிய கட்டடத்துக்குள் புகுந்து பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? டர்பைன் கூடத்தில் எங்கள் செருப்புச் சத்தம் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. கன்ட்ரோல் ரூமில் ஆயிரம் பொத்தான்கள். கடைசி ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒவ்வொரு மீட்டரின் நெற்றியிலும் அப்படியே இருந்தன. சிதம்பரம் பாத்திரக்கடைக் காலண்டர் ஒரு வியாழக்கிழமையில் நின்றுவிட்டது. நான் ஒரு கைப்பிடியைத் திருகப் போனேன். "தொடாதீங்க" என்று வெண்மதி ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, மூக்கை உறிஞ்சி, கையைக் குவித்துக் குரல் கொடுப்பார். "யாருனா இருக்கீங்களா? வெளிய வாங்க, டீ சாப்புடலாம்!" மிரட்டினால் ஒளிந்திருப்பவன் இன்னும் உள்ளே போய்விடுவானாம். வேறொரு ஆலையில் இப்படிக் கூப்பிட்டதும் கம்பி திருட வந்த இரண்டு பேர் தாமாகவே வந்து நின்றார்கள். "டீ வாங்கிக் குடுத்தீங்களா?" என்றேன். "பின்ன? சொன்னா சொன்னதுதான்" என்றார். பீடி வாசம் இரண்டு நாள் நிற்கும், சுருட்டு என்றால் நான்கு நாள் என்பது அவருடைய இன்னொரு கணக்கு.

புகைபோக்கி விழும் பாதையில்தான் கடைசிக் கட்டடம், சாம்பல் பம்ப்பு அறை. டார்ச் அடித்தபடி உள்ளே போனவர் சட்டென்று நின்றுவிட்டார். சுவரோர மின்பெட்டியின் கைப்பிடியில் துருவேறிய பூட்டு ஒன்று தொங்கியது. அதோடு ஒரு சிவப்பு அட்டை. 'ஆள் வேலை செய்கிறார். ஸ்விட்சைத் தொடாதே. ராமாமிர்தம், மின்பிரிவு.'

வெண்மதியின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "உள்ள ஒரு ஆளு இருக்காரு சார்" என்றார். சுற்றிலும் பார்த்தேன். நாலு சுவரும் ஒரு பம்ப்பும் தவிர அந்த அறையில் எதுவும் இல்லை.

இடிக்கும் கம்பெனியின் இன்ஜினீயர் சிவசுப்ரமணியன் ஓடிவந்தார். "ஏழு வருஷமா கரன்டே இல்லாத பில்டிங் மேடம். கட்டர வெச்சு நறுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நா வெட்டுனா பூட்டுதான் சார் வெளிய வரும். ஆளு வந்துட்டாருன்னு யாரு சொல்றது?"

"கலெக்டர் ஆபீஸ்ல பர்மிஷன் நாளைக்கு ஒரு நாளைக்குத்தான். நீங்க போடலன்னா வேற ஆளப் பாத்துப்போம். அடுத்த சைட்டுக்கும் வர வேணாம்."

"பதினொரு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார்" என்றார் வெண்மதி. அடுத்த சைட் என்பது இரண்டு வருட வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து அந்தப் பூட்டின் துவாரத்தில் நாலு சொட்டு விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் பெரிய சோகக் கதை ஏதாவது இருக்குமென்று தூண்டில் போட்டுப் பார்த்தேன். பத்திரிகைக்காரன் புத்தி. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சேஃப்டி கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. கேட்டுக்கிட்டேன்" என்றார்.

கேட் எதிரே டீக்கடையில் விசாரித்ததில் விஷயம் கிடைத்தது. ராமாமிர்தம் உயிரோடு இருக்கிறார். பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலையில் எலக்ட்ரீஷியன். வெண்மதி போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, சாவி இருக்கா?"

மறுநாள் பத்தே கால். சிவசுப்ரமணியன் வாட்சையும் வெண்மதியையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார். கட்டர் அவர் கையிலேயே இருந்தது. அப்போது ஒரு பைக் வந்து நின்றது. நரைத்த மீசை, தோளில் துண்டு, மடியில் சாவி. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது, அடித்தும்விட்டேன்.

ராமாமிர்தத்துக்கும் ஒரு மஞ்சள் பூட்டு கொடுத்து, பலகையில் மாட்டச் சொல்லித்தான் வெண்மதி உள்ளே அழைத்துப் போனார். நானும் என் பூட்டை மறுபடி மாட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் ராமாமிர்தம் பேசிக்கொண்டே வந்தார். "பூட்டு போட்டுட்டு மோட்டார அவுக்கப் போறேன், எல்லாரும் கேட்டாண்ட வாங்கன்னு மைக்குல கூப்புட்டாங்க. போனோம். ஆலைய மூடியாச்சுன்னாங்க. அப்புறம் உள்ளயே வுடல. ஊட்ல இந்தச் சாவிய தூக்கிப் போடுங்கன்னு ஒரே சண்ட. எம் பூட்டு அங்க கெடக்குது, நா எப்புடிப் போடுவேன்?"

எண்ணெய் தன் வேலையைச் செய்திருந்தது. மூன்றாம் திருகலில் பூட்டு வாய் திறந்தது. அவர் அட்டையைக் கழற்றித் துண்டில் துடைத்தார். வெண்மதி நேராக நின்று, முறைப்படி கேட்டார். "ராமாமிர்தம் அண்ணே, வேலைய முடிச்சிட்டு வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேம்மா" என்றார். சொல்லும்போது அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பதினாறாவது டிக் விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது.

பத்து ஐம்பத்தெட்டு. கேட்டருகே ஊரே கூடி நின்றது. வயர் கொடுத்து முடித்து எல்லோரும் வெளியேறியிருந்தோம். வெண்மதி வலது கையை உயர்த்தியபடி நின்றார். அந்தக் கை மேலே இருக்கும் வரை யாரும் பொத்தானை அமுக்கக் கூடாது, இறங்கினால் அமுக்கலாம். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்று, கேமராவைப் புகைபோக்கியின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எச்சரிக்கைச் சங்கு ஊதி அடங்கியது. கை இறங்கவில்லை.

"மேடம்!" என்று கத்தினார் சிவசுப்ரமணியன்.

வெண்மதி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சிவப்புப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பூட்டு தொங்கியது. எண் ஒன்பது.

"நான்தான் இங்க நிக்கிறேனே!" என்றேன்.

"அது எனக்குத் தெரியுது சார். பூட்டு உள்ளன்னு சொல்லுதே" என்றார்.

பத்தடி தூரம்தான். ஊரே பார்க்க ஓடினேன். நான்கு பைகளிலும் தேடி, சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து அவரிடம் காட்டினேன். அவர் பலகைக்கு நடந்து வந்து, இடது கையாலேயே கழுத்து ஊக்கிலிருந்து சாவியை எடுத்துத் தன் சிவப்புப் பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். வெறும் கொக்கிகளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு உயர்த்திய கையை இறக்கினார்.