ஏழாந்தறியின் வாய்ப்பாடு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மில்லின் ஆள்பட்டியலிலும் அது ஏறியிருந்தது. ஆனால் அதைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? தறி ஷெட்டில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, தறிகளுக்குத்தான் எண். ஏழாம் எண் தறியில் பதினெட்டு வருடம் நின்றவள், அதனால் ஏழாந்தறி. அவளுக்கு எதிர்த்தறியில் நின்றவள் மட்டும் விதிவிலக்கு. அவளுடைய உயரத்தைப் பார்த்த யாருக்கும் எண் சொல்ல வாய் வரவில்லை, நெட்டச்சி என்றே நிலைத்துவிட்டது.

அந்த ஷெட்டுக்குள் ஒருமுறை போய் நின்றவர்களுக்குத்தான் தெரியும், சத்தம் என்றால் என்னவென்று. நூற்றிருபது தறி. ஒவ்வொன்றிலும் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதி மோதித் திரும்பும். முதல் வாரம் தலைக்குள் தறி ஓடும், தூக்கத்திலும் ஓடும். ஒரு வருடத்தில் பழகிவிடும். பழகிவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம், காது கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைச் சாத்திக்கொண்டிருக்கும்.

அங்கே யாரும் கத்திப் பேசமாட்டார்கள். கத்தி என்ன பிரயோசனம்? உதட்டை அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் கண்ணால் கேட்டுக்கொள்வார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வாய்ப்பாடு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள் எல்லாரும் வாய்ப்பாட்டில் புலி என்று அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். மாமியார் சண்டை, ஒழுகும் கூரை, மேஸ்திரியின் தொப்பை, எல்லாம் முப்பதடி தூரத்திலிருந்து சத்தமே இல்லாமல் அலசப்படும். ஒரே ஒரு சிக்கல் உண்டு. உதட்டை மட்டும் பார்த்தால் அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான். சந்தேகமிருந்தால் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். ஆகவே அம்மா என்றால் மூக்கின் ஓரத்தை ஒரு விரலால் தொடவேண்டும், அப்பா என்றால் மேலுதட்டில் மீசையைத் தடவவேண்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பேச்சோடு பேச்சாக இதையும் கற்றுக்கொண்டுவிடும்.

ஏழாந்தறிக்கும் ஒரு பிள்ளை உண்டு, ஒன்பது வயது மகள். வாண்டு என்று கூப்பிடுவாள். வண்டியோட்டிக்கொண்டிருந்த கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. வீட்டில் இரண்டே பேர், ஒரே அறை, ஒரே ஜன்னல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜன்னலில் தண்ணீர் வழிவதைப் பார்த்த பிறகுதான் வெளியே மழை கொட்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கூரையோ தகரம். அன்றைக்குத்தான் வேலை போய்விடுமே என்ற பயம் பிடித்தது.

பிடிக்காமல் என்ன செய்யும்? சில வருடங்களுக்கு முன்னால் மில்லில் ஒரு சின்னத் தீவிபத்து. மணி அடித்தார்கள், எல்லாரும் ஓடினார்கள், பதினோராந்தறி மட்டும் ஒன்றும் தெரியாமல் நூலை முடிந்துகொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காது போனவர்களுக்கு இனி ஷெட்டில் இடமில்லை என்று முடிவாகிவிட்டது. அவளை ஆபீசில் உட்காரவைத்து ஏதேதோ சொன்னார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காது போனவர்களுக்குத் தலையாட்டுவது இருமலைப் போல, அது பாட்டுக்கு வந்துவிடும். மையைத் தடவிக் கட்டைவிரலை வைத்தாள். தானாகவே வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டோம் என்பது தெருவுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அந்த மில் தெருவில் வேறு வேலைக்கு எங்கே போவது?

அதிலிருந்து மாதத்துக்கு ஒரு சோதனை. தறிகளை நிறுத்தி, ஆட்களை எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கவைத்து, மேஸ்திரி முதுகுப் பக்கமாக நடந்துபோய் விசில் ஊதுவார். திரும்பாதவர் அவுட். ஏழாந்தறி எதிரே நிற்கும் நெட்டச்சியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெட்டச்சி சிமிட்டினால் திரும்புவாள். பதிலுக்கு, மேஸ்திரி அந்தப் பக்கம் போய்க் கன்னத்தை உப்பும்போது இவளும் சிமிட்டுவாள். அது செய்த உதவிக்குப் பதில் மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள். நெட்டச்சிக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

வீட்டில் வாண்டுவிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுடி. பக்கத்து வீட்ல கேட்டாலும் சரி, டீச்சர் கேட்டாலும் சரி." வாண்டு அதற்கெல்லாம் அசராத ஆள். கதவு தட்டினால் தரையை இரண்டு முறை மிதிக்கும். யாராவது பின்னாலிருந்து அம்மாவைக் கூப்பிட்டால் முந்தானையை இழுக்கும். ஒன்பது வயதில் ஒரு பெரிய மனுஷியின் காதைத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்தது.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வருடம் வந்தது. எந்த ஊரிலிருந்து புறப்பட்டதோ, எந்தக் கப்பலில் ஏறி வந்ததோ, யாருக்குத் தெரியும்? ஒரே மாதத்தில் தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு, நிஜமாகவே வாயைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. நாலு மடிப்புத் துணி, இரண்டு பக்கம் நாடா. கட்டாதவர்களுக்கு மில்லுக்குள் அனுமதியில்லை.

கட்டிய அன்றே ஷெட் செத்துப்போனது. உதட்டைக் காணோம் என்றால் வாய்ப்பாடு ஏது? கண்ணும் புருவமுமாக நூற்றிருபது பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஏழாந்தறிக்கு அங்கே தனியாக இருப்பதுபோல் இருந்தது.

மூன்றாவது வாரம் வாண்டுவுக்கு உடம்பு கொதித்தது. வண்டி வந்தது, துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குள் யாருக்கும் அனுமதியில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு இரும்புக் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கவேண்டும். உள்ளே குமாஸ்தா ஒருவர், கண்ணுக்குக் கீழே எல்லாம் துணி, கையில் தடித்த நோட்டு. படுக்கை எண்ணைக் காட்டினால் பார்த்துச் சொல்வார். சொல்வார் என்றால் துணிக்குள் என்னவோ அசையும்.

ஏழாந்தறி முதல்நாள், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த எண் எழுதிய தகரத்தைக் காட்டினாள். துணி அசைந்தது. தலையாட்டினாள். "சரிங்க அய்யா," என்றாள். இரண்டடி தள்ளி வந்தபிறகுதான் நின்று யோசித்தாள். என்ன சொன்னார்? இருக்கிறதா, போய்விட்டதா? திரும்பிப் போய்க் கேட்கலாம். கேட்டாலும் அதே துணிதானே அசையப் போகிறது? காது கேட்காது என்று சொல்லலாம். ஆனால் பின்னால் நாலாவது ஆளாக மேஸ்திரி நின்றார், அவர் மனைவியும் உள்ளேதான். இதைவிடப் பொருத்தமான ஆளை அந்த இடத்தில் யார் கொண்டுவந்து நிறுத்த முடியும்?

எழுதிக்கொடுக்கச் சொல்லலாம் என்றால் அவளுக்கு எழுத்து வராது, எண் மட்டும்தான் வரும். ஆகவே குமாஸ்தாவின் கண்ணைப் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அந்தக் கண்ணில் ஒன்றுமில்லை. நாலாம் நாள் ஓரம் சுருங்கியது, சிரிக்கிறார். உயிர் போய் உயிர் வந்தது. "ரொம்ப நன்றிங்க," என்று பலமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பல நாள் கழித்துப் படுத்ததும் தூங்கிப்போனாள். ஐந்தாம் நாள் புருவம் மேலே ஏறியது. ஆறாம் நாள் இரண்டு புருவமும் நடுவில் முட்டிக்கொண்டன. ஏழாம் நாள் அவர் கையை வேறு ஆட்டினார். பிள்ளைக்கு முற்றிவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். தறியில் நூல் அறுந்து அறுந்து ஓடியது. எட்டாம் நாள் குமாஸ்தா அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. செத்தவர்களின் வீட்டாரை எதற்குக் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அதிலும் ஒரு நப்பாசை. ஒவ்வொரு நாளும் தலையாட்டினாள், ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். மானங்கெட்ட தலை, ஒருநாளாவது ஆடாமல் இருக்கக்கூடாதா?

ஒன்பதாம் நாள் குமாஸ்தா நோட்டைத் திறக்கவில்லை. ஒரு காகிதத்தைக் கம்பிக்கு நடுவே நீட்டினார். மைப்பெட்டியையும் நீட்டினார். அடியில் ஓர் இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

அவள் தலை ஆடிவிட்டது. கட்டைவிரல் மையிலும் பட்டுவிட்டது. காகிதத்துக்கு ஒரு நூல் உயரத்தில் விரல் நிற்கும்போது பதினோராந்தறியின் ஞாபகம் வந்தது. விரல் அங்கேயே நின்றது. பின்னால் வரிசை நெருக்கியது. நான் எதற்குக் கைநாட்டு வைக்கிறேன்? பிணத்தை எடுத்துக்கொள்ளவா?

"அய்யா, எனக்குக் காது கேக்காதுங்க."

எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. தெருமுனை வரை கேட்டதாம்.

"எட்டு நாளா நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்கு விழல. நான் சும்மா தலையாட்டினேன். எம்பொண்ணு இருக்காளா இல்லையான்னு வாயத் தொறந்து காமிச்சுச் சொல்லுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

குமாஸ்தா நோட்டைக் கீழே வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தினம் இருநூறு பேர், அதில் பாதிக்கு மேல் கெட்ட செய்தி. சொன்னதையே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன மனுஷன். அவர் கேட்டை ஒட்டியிருந்த கண்ணாடி அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார், வாய்த்துணியைக் கழற்றினார். ஒன்பது நாளில் அவர் முகத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். மெலிந்த முகம், முன்பல் ஒன்று இல்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தம் வெளியே வரவில்லை. தறிக்காரிக்குச் சத்தம் எதற்கு?

"பாப்பா பொழச்சு அஞ்சு நாளாச்சும்மா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்கன்னு அன்னைக்கே சொன்னேன், நல்லாத் தலையாட்டினீங்க. தினமும் சொன்னேன், தினமும் ஆட்டிட்டுப் போயிட்டீங்க. அது காலைலயே துணிய மூட்டை கட்டிட்டு பெஞ்சுல வந்து உக்காந்துரும். பெத்தவளே வேணாம்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சோம். அநாதை விடுதி வண்டி நாளைக்குக் காலைல கிளம்புது. அதுக்குத்தான் அந்தக் காகிதம்."

ஏழாந்தறி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது தோளுக்கு மேலாக ஒரு நீளக் கை நீண்டு கண்ணாடியைத் தட்டியது. நெட்டச்சி. தன் வாய்த்துணியை இறக்கிவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் அப்படியே நின்னு சொல்லுங்கய்யா. என் வீட்டுக்காரர் உள்ள வந்து ஆறு நாளாச்சு. நானும் சும்மாதான் ஆட்டிட்டிருக்கேன்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்கும் பின்னால் இன்னொருவர். மில் ஆட்கள் அத்தனை பேரும் கண்ணாடியை நோக்கி நகர்ந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேஸ்திரியும் நகர்ந்தார். இருபத்தாறு வருடம் ஷெட்டில் நடந்த மனுஷன் அவர். அவர் ஊதிய விசில் என்றைக்காவது அவர் காதில் விழுந்ததா என்பதை அவரிடம்தான் கேட்கவேண்டும், யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சோதனை நடக்கவில்லை, விசில் எங்கோ தொலைந்துவிட்டதாகச் சொன்னார். ஏழாந்தறி அதற்கப்புறம் பதினோரு வருடம் அதே தறியில் நின்றாள். ஆஸ்பத்திரி இருந்தவரை குமாஸ்தா கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் மில்காரர்களுக்குச் செய்தி சொன்னார். நெட்டச்சியின் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. அவர் ஐந்தாம் நாளே போய்விட்டதை அவளும் அன்று அந்தக் கண்ணாடியில்தான் படித்தாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வாண்டுவை வெளியே விட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், மூட்டை பிள்ளையைவிடப் பெரிதாக இருந்தது, முகத்தில் பாதித் துணி. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, ஓடுவதற்குத் தெம்பில்லை. நின்ற இடத்திலிருந்தே மூக்கின் ஓரத்தை விரலால் தொட்டது.

ஏழாந்தறி நடுத்தெருவில் மண்டிபோட்டு உட்கார்ந்து அதன் வாய்த்துணியை இறக்கினாள். மையாக இருந்த கட்டைவிரல் பிள்ளையின் கன்னத்தில் பட்டுக் கறையானது.

"ஏண்டி, அந்த அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எங்கம்மாவுக்குக் காது கேக்காதுன்னு?"

வாண்டு இரண்டு பக்கமும் பார்த்தது. ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். அது அம்மாவுக்கு இன்னும் நெருங்கி வந்து, தொண்டை அசையாமல், வெறும் உதட்டால் சொன்னது: "சொன்னா உனக்கு வேலை போயிடுமே."

அஞ்சு நாளாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை. அம்மா கேட்டுக்கு வந்து போகிறாள் என்றும், ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றும் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு மட்டும்தான் தெரியும். ஏழாந்தறி அதன் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு விடுதிக்கு அனுப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமாடி?"

தெரியும் என்று வாண்டு தலையாட்டியது.