கட்டற்ற கணினி

போன வாரம் என் மகள், பள்ளியில் கொடுத்த மடிக்கணினியைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றாள். சின்ன விஷயம்தான். ஆனாலும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தை முதலில் சொன்னது என் அம்மா. அது எப்படி அம்மாவின் வாயில் வந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயதிருக்கும். காரைக்கால் பக்கம் பூவத்தில் குடியிருந்தோம். அம்மா கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். டைப்ரைட்டர் காலம் போனதும் பழைய கணினி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்து மனு, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அடித்துக் கொடுத்தாள். என்னோடு சண்டை போட்டுக்கொண்டே அடிப்பாள். சண்டையில் தடுமாறினாலும் தட்டுவதில் தடுமாற மாட்டாள்.

தீபாவளிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சென்னையில் கணினி வேலை. அம்மா வைத்திருப்பது திருட்டு விண்டோஸ் என்று கண்டுபிடித்தார். ஊரில் எல்லோரிடமும் இருந்தது அதுதான். திருட்டு என்பதுதான் எங்களுக்குப் புதிய செய்தி. மாமா அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். கட்டற்ற மென்பொருள், காசு வேண்டாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம், இனி அக்கா யாருக்கும் அடிமை இல்லை என்று சாப்பாட்டுக்கு நடுவே அப்பாவுக்கு வெகுநேரம் விளக்கினார். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குப் பென்குயின் சறுக்கி விளையாடும் விளையாட்டு கிடைத்தது. கிளம்பும்போது மாமா அம்மாவிடம், "ரொம்ப ஈஸிக்கா. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார்.

பழகவில்லை. 'க' இருந்த இடத்தில் விரலை வைத்தால் வேறு எதுவோ விழுந்தது. மாமா வைத்துவிட்டுப் போனது புதிய விசைப்பலகை முறை, அதுதான் அறிவியலாம். அம்மாவின் விரல்களுக்கு அந்த அறிவியல் தெரியவில்லை. பழைய எழுத்துருவும் விண்டோஸோடு போயிருந்தது. அடித்து வைத்திருந்த பக்கங்களைத் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது.

மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் பெரியம்மா, தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க வந்தார். கூடையை வாசலில் இறக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். "இதுல மாப்பிள்ளை பேரு எது தங்கச்சி?" என்றார். அம்மா சிரித்துச் சமாளித்து மறுநாள் வரச் சொன்னாள்.

அன்று அம்மா சமைக்கவில்லை. என்னை ஆங்கிலம் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, உதவிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். எனக்கு எப்போது பென்குயின் கிடைக்கும் என்றிருந்தது. கடைசியில் கண்டுபிடித்தது அம்மாதான். பழைய டைப்ரைட்டர் முறையை உள்ளே ஏற்ற வழி இருந்தது. அந்த இடத்தில் அழுத்தினாள். ஒரு சிறு பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டது. தினமும் போடுவதைப் போட்டாள். மறுபடியும் போட்டாள். அதற்குமேல் அது ஏதோ சொன்னது.

"என்னடி போட்டிருக்கான்?"

"உனக்குப் பெர்மிஷன் இல்லைன்னு வருதும்மா."

"என் கம்ப்யூட்டர்ல நான் யாருகிட்ட பெர்மிஷன் கேக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மாமாவுக்குப் போன் செய்தாள். மாமாவின் குரல் கூடத்துக்கே கேட்கும்.

"அது அட்மின் பாஸ்வேர்டுக்கா. குடுத்தா நீ எதையாவது தட்டிக் கெடுத்துடுவ. பொங்கலுக்கு வந்து நானே போட்டுத் தரேன்."

"அவங்க வீட்டுக் கல்யாணம் கார்த்திகையில தம்பி."

"அப்ப புதுசுலயே பழகிக்க. சின்னப் பசங்கள்லாம் அடிக்குதுங்க."

அம்மா சரி என்றாள். மாமா சாப்பிட்டாரா என்று கேட்டாள். போனை வைத்தாள்.

பத்திரிகையைக் காரைக்காலில் ஒரு கடையில் அடித்துக்கொண்டார்கள். கோயில் நோட்டீசும் அங்கேயே போனது. மனு எழுத வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். ஏன் யாரும் வருவதில்லை என்று அப்பா விசாரித்தபோது, அம்மா தம்பியைப் பற்றியோ கடவுச்சொல்லைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. "எனக்கு அதெல்லாம் வராதுங்க. கண்ணு வேற எரியுது" என்றாள்.

அப்பா நல்லவர். வராததை விட்டுவிட்டு எரிவதைப் பிடித்துக்கொண்டார். லீவு போட்டுக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்ல, இருக்கிறது என்று அம்மா சொல்ல, கடைசியில் அம்மா ஜெயித்துக் கண்ணாடியோடு வந்தாள். பொங்கலுக்கு வந்த மாமா அதைப் பார்த்து, "கண்ணுதானாக்கா? நான்கூட உனக்கு மண்டையில ஏறலியோன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். விசைப்பலகையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கணினி எனக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பெரியவர்களின் கண்ணாடியைப் போட்டால் தலை சுற்ற வேண்டும். சுற்றவில்லை. சுவரில் நாட்காட்டி அப்படியே இருந்தது. எதிர்வீட்டுக் கோலத்தில் புள்ளிகூட எண்ண முடிந்தது. அம்மா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அம்மா, இது வெறுங்கண்ணாடி. கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான். அப்பாகிட்ட சொல்லி மாத்திக்கலாம்."

அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

அந்தக் கடைக்காரன் மேல் அம்மாவுக்கு ஏன் கோபமே வரவில்லை என்பதுதான் அன்று எனக்குப் புரியவில்லை.