காவலில்லாத கடல்

மார்க்கம் நகரில் நான் வேலைசெய்த கட்டடத்தின் காவலாளி ஃபிஜித் தீவுக்காரர். கதவை நிறைக்கும் உடம்பு. சிரித்தால் மேசை குலுங்கும். மத்தியானத்தில் என் மீன் கட்லட்டில் பாதி அவருக்குத்தான். ஒருநாள் பெட்டியை என் பக்கமே தள்ளிவிட்டார்.

அவருடைய ஊர்த்தலைவர் இறந்துவிட்டாராம். அந்தத் துக்கத்துக்கு, தங்கள் பவளப்பாறைப் பக்கம் மீன்பிடிப்பதை ஊரே கூடி நிறுத்திவைப்பது வழக்கம். அந்த ஓய்வில் பாறையும் மீனும் தேறிவிடும். தடை நீங்கும்வரை இவரும் மீனைத் தொடமாட்டார்.

"இது கடையில வாங்கின, தகர ரின்னில அடைச்ச மீன். நீங்கள் சாப்பிட்டால் அங்க ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதில் எனக்கு எங்கள் தமிழிலேயே நினைவிருக்கிறது.

"அங்கயும் ஒருத்தரும் காவலுக்கு நிக்கிறேல்லை, தம்பி."

சொல்லிவிட்டு, எங்கள் கட்டடத்துக்குக் காவல் நிற்கப் போனார்.