ஒரு கெஜம் குறைந்த ஓட்டம்

லியாண்டர் நார்சிஸ் என்ற முழுப்பெயர் பாதிரியார் வாயில் மட்டும்தான் வந்தது. ஊருக்கு அவன் டீ-லீ. லூசியானாவின் தெற்கே, கரும்பும் சேறும் கலந்த செயின்ட் ஓதில் பக்கத்தில் பெயருக்கு முன்னால் 'டீ' சேர்த்தால் குட்டி என்று பொருள். அப்பா பெயரும் லியாண்டர். ஆகவே அவர் பெரிய லீ, இவன் குட்டி லீ. பதினான்கு வயதில் குட்டி லீயின் கக்கத்துக்குத்தான் பெரிய லீ வந்தார். இருவரும் சேர்ந்து கடைத்தெருவில் நடந்தால், "யாருப்பா இதுல குட்டி?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். அப்பா கோபிக்கவே மாட்டார். "நான் விதை, அவன் மரம்" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போவார்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் டிராக்டர் ஓட்டும் வேலை. அம்மா வெர்டீனுக்குப் பள்ளிக்கூடச் சமையலறை. முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவள் வீட்டுக்கு வந்தும் அளவு மறந்துதான் சமைப்பாள். டீ-லீ அந்த அளவிலேயே வளர்ந்தான்.

பந்தை அவன் தொடுவதற்கு முன் தொட்டது பள்ளிக்கூட வாத்தியக்குழுவின் பித்தளைக் குழலை. உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே பெரிய வாய் திறந்து நிற்குமே, அந்தக் குழல். மற்ற பையன்கள் அதைச் சுமந்துகொண்டு மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் நாக்குத் தள்ளுவார்கள். இவன் இடதுதோளில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு வலதுகையில் முரசையும் தூக்கிவருவான். அங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, முட்டிமோதி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் அமெரிக்க ஆட்டம்; அதன் பயிற்சியாளர் ஏபேர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று இதைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுக்கவும் மறந்துபோனார்.

அன்று மதியமே சாப்பாட்டுக்கூடத்தில் சண்டை.

"அந்தப் பையனை எனக்குக் குடுங்க, கொலார்" என்றார் ஏபேர். "இவ்ளோ பெரிய உடம்பை வச்சுக்கிட்டு ஊதிக்கிட்டுத் திரியுறான். பாவம் இல்லையா?"

இசை வாத்தியார் கொலார் கரண்டியைக் கீழே வைத்தார். "உங்க டீம்ல இருபது பேர் இருக்காங்க, ஒருத்தனுக்கும் தாளம் தெரியாது. எங்கிட்ட இருக்கிறது இவன் ஒருத்தன். தொட்டுப் பாருங்க."

சோற்றுப் பானைக்குப் பின்னாலிருந்து வெர்டீன் கரண்டியோடு வந்தாள். "ரெண்டு வாத்தியாரும் எங்கிட்டதான சாப்பிடுறீங்க? கேட்டுக்குங்க. பையன் ரெண்டும் செய்வான். ஒத்துக்காதவங்களுக்கு வெள்ளிக்கிழமை கம்போ கிடையாது."

கம்போ என்கிற வெர்டீனின் இறால் குழம்பை இழக்க அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அதன்பிறகு நான்கு வருடம் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதுதான் வேடிக்கை. முதல் பாதியில் டீ-லீ எதிரணிக்காரர்களைத் தரையில் உருட்டுவான். இடைவேளையில் மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே போய்த் திட்டு வாங்குவார்கள். இவன் சேறு அப்பிய உடுப்போடு குழலை மாட்டிக்கொண்டு வாத்தியக்குழுவோடு ஆடியபடி ஊதுவான். பிறகு குழலைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாம் பாதிக்கு ஓடிவருவான். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்க்கவே டிக்கெட் எடுத்தார்கள்.

கல்லூரியிலும் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் சின்னக் கல்லூரி. தொழில்முறை அணிகள் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுத்த அன்று வீடு முழுக்க உறவுக்கூட்டம் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது. அவன் பெயர் வரவில்லை. பிறகு ஓர் அணி பயிற்சிக்குக் கூப்பிட்டு ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம் இன்னொரு அணி இரண்டு வாரத்திலேயே அனுப்பிவிட்டது. திரும்பி வந்து அப்பாவின் ஆலையிலேயே கரும்பு இறக்கப் போனான். வருத்தம் இல்லாமலில்லை. ஆனால் பசி குறையவில்லை என்பதால் வெர்டீன் கவலைப்படவில்லை.

அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஆலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. வடக்கே, ஏரிக்கரைப் பெருநகரத்து அணி. அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் இருவருக்கு ஒரே ஆட்டத்தில் கால் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் வந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் வேறு ஆள்.

அப்பாவின் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஊரைவிட்டு நெடுஞ்சாலைக்குப் போக வேண்டுமானால் பயூவை, அதாவது அந்தப் பக்கத்து மந்தமான ஆற்றை, மூன்று தூக்குப்பாலங்களில் கடக்க வேண்டும். முதல் பாலத்தை நெருங்கும்போதே மணி அடித்து, தடுப்புக்கட்டை இறங்கி, பாலம் அவன் கண்முன்னே வானத்தைப் பார்த்து எழுந்தது. தூரத்தில் ஓர் இறால் படகு. நடக்கிற மனிதன் அதைவிட வேகமாக வருவான்.

டீ-லீ இறங்கி, பாலத்துக் கூண்டைப் பார்த்துக் கத்தினான். "ஏம்மா! பாலத்தைக் கொஞ்சம் இறக்குங்களேன்! நான் பிளேன் பிடிக்கணும்!"

கூண்டின் சன்னலில் ஓர் இளம்பெண் தலையை நீட்டினாள். புதிதாக வேலைக்கு வந்தவள். "படகு வந்துக்கிட்டிருக்கே, தெரியல? தண்ணியில வர்றவங்களுக்குத்தான் முதல் வழி."

"அது வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்!"

"ஆகட்டுமே. யாரு வேணாம்னது?"

"ஃபுட்பால் ஆடக் கூப்பிட்டிருக்காங்கம்மா. பெரிய டீம். இன்னைக்கு விட்டா போச்சு!"

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். பார்த்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "பெரிய லீ மகனா நீங்க? இடைவேளையில குழல் ஊதுவீங்களே?"

"ஆமா!"

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

படகு கடக்கும்வரை பாலத்தை அவள் இறக்கவில்லை. சட்டம் சட்டம்தான். ஆனால் வானொலியை எடுத்து அடுத்த இரண்டு பாலக்காரர்களையும் கூப்பிட்டாள். "கொரீன் பேசுறேன். ஒரு பச்சை டிரக் வருது. அது தாண்டுற வரைக்கும் பாலத்தைத் தூக்காதீங்க. நம்ம ஊர்ப் பையன் ஃபுட்பால் ஆடப் போறான்." அதே அலைவரிசையில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த படகுக்காரர்களுக்கும் விஷயம் போய்விட்டது. இரண்டாம் பாலத்தருகே ஓர் இழுவைப்படகு தானாகவே நின்று வழிவிட்டது. மூன்றாம் பாலத்தில் நண்டுப் படகுகள் வரிசையாக நின்று ஊதல் அடித்தன. டீ-லீ ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் எல்லாருக்கும் கும்பிடு போட்டபடி போனான்.

விமானம் கிடைத்தது. இடமும் கிடைத்தது. அன்று இரவு வீட்டுக்குப் போன் செய்தவன், "அம்மா, பாலத்துல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கே, அது யார் வீடு?" என்றுதான் முதலில் கேட்டான்.

"டீம்ல எடுத்தாங்களா இல்லையாடா?"

"எடுத்துட்டாங்க, எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு யாரு?"

கொரீனை அவன் மணந்தது இரண்டு வருடம் கழித்து. நடுவில் மூன்று பாலத்துக் கூண்டுகளிலும் அதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டே இருந்தது.

வடக்கில் அவன் வேலை, தடுக்கும் வரிசையின் நட்டநடுவில் கையூன்றிக் குந்தியிருந்து, பந்து நகர்ந்ததும் எதிரிலிருப்பவன்மேல் மோதுவது. பெரும்பாலும் இரண்டுபேர் சேர்ந்துதான் அவனைத் தள்ளுவார்கள். அவன் தள்ளப்படாமல் நிற்பான். அவ்வளவுதான். பந்தோடு ஓடுகிறவனைப் பின்னாலிருந்து பாய்ந்து பிடிக்கிறவன் கீனன் ரூக்ஸ். கூட்டம் கீனன் பெயரைச் சொல்லிக் கத்தும்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது வெர்டீன் அவனைச் சமையலறையில் உட்காரவைத்தாள். "எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். உன் பேரை ஒருதடவைகூடச் சொல்லலையே. நெசமா ஆடுனியா, இல்ல சும்மா நின்னியா?"

டீ-லீ மேசைமேல் பாத்திரங்களை வைத்து விளக்கினான். "இந்தா, இந்தப் பெரிய அண்டா நான். இந்த ரெண்டு குண்டானும் என்னைத் தள்ளுது. ரெண்டும் எங்கிட்ட மாட்டிக்கிச்சா? அப்போ இந்தப் பக்கம் ஆள் இல்ல. பின்னாலேருந்து இந்தக் கரண்டி வந்து பிடிச்சுடும். கரண்டிதான் கீனன்."

"அடுப்புல வேகுறது அண்டா. பேரு கரண்டிக்கா?"

"அப்படித்தாம்மா இந்த ஆட்டம்."

"அந்தக் கரண்டி உனக்கு ஒரு நன்றியாவது சொல்லுதா?"

"வாராவாரம் சோறு வாங்கிக் குடுக்கிறான்."

"அப்போ சரி" என்றாள் வெர்டீன். அன்றிலிருந்து டெலிவிஷனில் பந்து போகும் திசையை அவள் பார்ப்பதே இல்லை. குவியலின் அடியில் மகனைத் தேடுவாள். "அதோ! ரெண்டுபேர் அவன்மேல! நல்லா வேகுது, நல்லா வேகுது!" என்று அவள் மட்டும் தனியாகக் கைதட்டுவாள்.

அந்த ஓட்டம் நடந்தது அவனுடைய ஆறாவது ஆட்டப்பருவத்தில். வெளியூர் மைதானம், பனித்தூறல். எதிரணியில் பந்தெறிபவன் எறியக் கையை ஓங்கியபோது, டீ-லீ வழக்கம்போல இரண்டுபேரைத் தாங்கிக்கொண்டே ஒரு கையை மட்டும் உயர்த்தினான். பந்து அந்தக் கையில் பட்டு மேலே போய், சுழன்று, நேராக அவன் வயிற்றில் வந்து விழுந்தது. அணைத்துக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரே ஒருவருமில்லை. வெள்ளைக்கோடுகள் போட்ட பச்சைப்புல் மட்டும், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு.

ஓடினான்.

முந்நூற்று முப்பது பவுண்டு எடை ஓடினால் எப்படி இருக்கும்? எதிரணியின் கூட்டமே எழுந்து நின்றது. கீனன் பக்கத்தில் ஓடிவந்து குறுக்கே வந்தவர்களைத் தள்ளிக்கொண்டே கத்தினான். "ஓடு! ஓடுடா மாமா! மூச்சை விடு!"

"விட்டா... வராது!" என்றான் டீ-லீ.

செயின்ட் ஓதிலில் மாதா கோவில் கூடத்தில் ஊரே கூடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெர்டீன் நாற்காலிமேல் ஏறி நின்றாள். பெரிய லீ கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்க, என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வருணனையாளர் மூச்சுக்கு மூச்சு நார்சிஸ், நார்சிஸ் என்று அலறினார். பாதி மைதானம் தாண்டிற்று. முக்கால் தாண்டிற்று. அப்போது எதிரணியின் மிகச் சின்ன ஆள், கீரிப்பிள்ளைபோல் ஒருவன், எங்கிருந்தோ வந்து அவன் முதுகில் தாவித் தொற்றிக்கொண்டான். டீ-லீ அவனையும் சுமந்துகொண்டு ஓடினான். பிறகு நடந்தான். பிறகு தள்ளாடினான். எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் இருக்கும்போது மெதுவாக, பெரிய மரம் சாய்வதுபோலச் சாய்ந்தான்.

டெலிவிஷனில் டீ-லீ மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். முதுகிலிருந்தவனும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். அவ்வளவுதான், கூடத்தில் ஆரம்பித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

"ஏண்டா, இன்னும் ஒரு எட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்று வெர்டீன் போனில் கேட்டாள்.

"காத்து தீந்துடுச்சும்மா."

"சோத்தைக் குறைக்கச் சொல்லலாம்னு பார்த்தேன். வேணாம், நல்லா சாப்பிடு. அந்தப் பையனையும் சேத்துத் தூக்கினியே!"

நோன்புக்கு முந்திய திருவிழாவுக்கு அவன் ஊர் வந்தபோது, அவனுக்குத் தெரியாமல் ஏற்பாடுகள் நடந்திருந்தன. ஊர்வலத்தின் முதல் வண்டியில் அவனை ஏற்றினார்கள். கொரீன் கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவிழா வழக்கப்படி கூட்டம் மணிமாலைகளைக் கேட்டுக் கையை நீட்ட, அவன் அள்ளி அள்ளி வீசினான். மாதா கோவில் வாசலுக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. தெருவின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. போட்டவர் பெரிய லீ. மகன் இறங்கி நிற்கவேண்டிய இடத்தையும் அவரே கெஜக்கோல் வைத்து அளந்து குறித்திருந்தார். ஏபேர் ஒரு பந்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

"பாக்கி ஒரு கெஜம் இருக்கு" என்றார் அப்பா. "முடிச்சுட்டுப் போ."

டீ-லீ மேல்மூச்சு வாங்குகிறவன்போல நடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தான். உடனே சின்னப்பிள்ளைகள் பத்துப் பதினைந்துபேர் அவன் காலிலும் இடுப்பிலும் தொற்றிக்கொண்டார்கள். அத்தனைபேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அடித்தான். கொலாரின் வாத்தியக்குழு முழங்கிற்று. அன்று மாலைவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நெருப்பில் நண்டுகள் வெந்துகொண்டே இருந்தன.

அதற்கப்புறம் இரண்டு பருவங்கள் ஆடினான். முழங்கால்கள் முனக ஆரம்பித்தன. ஒருநாள் பயிற்சியாளர் அறைக்குக் கூப்பிட்டு, "நீ நல்லா ஆடிட்ட, லீ. இனி சின்னப் பையன் ஒருத்தனைப் பார்க்கப் போறோம்" என்றார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது ஒரு பெரிய கொட்டாவி. எத்தனையோ வருடக் களைப்பு. கீனன் மட்டும் தேம்பித் தேம்பி அழுதான். "இனிமே என் பேரை எவன்டா சொல்லுவான்?" என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்தான்.

கொரீனும் இரண்டு பெண்குழந்தைகளும் அவனுமாகக் காரிலேயே ஊர் திரும்பினார்கள். வழியில் நல்ல வாசனை வந்த எந்தக் கடையையும் விடவில்லை. குழந்தைகள் பின்சீட்டில் பாடிக்கொண்டே வந்தன. ஊர் எல்லையில் கரும்பு ஆளுயரத்துக்கு நின்றது.

வெர்டீன் சிவப்பு பீன்ஸும் சோறும் வைத்துக் காத்திருந்தாள். பேத்திகளைக் கொஞ்சி முடித்த பெரிய லீ, மகனுக்கு எதிரே உட்கார்ந்து தட்டை நகர்த்தினார். எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எப்ப கிளம்பணும்?"

"இனிமே போகவேண்டியதில்லப்பா."

கிழவர் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டார்.

"அப்போ எதுக்கு இப்படி அள்ளி முழுங்கிற? மெதுவா சாப்பிடு."