றிஹானா கேட்ட திருத்தம்

வியாழக்கிழமை அதிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து தொலைபேசியைத் திறந்தேன். மக்காவிலிருந்து றிஹானாவின் கணவர் அனுப்பிய குரல் பதிவு. "காக்கா, றிஹானா மவுத்தாகிட்டா. இங்கதான் அடக்கம்." அவ்வளவுதான். துக்கத்துக்கு முன் எனக்குப் பயம் வந்தது. றிஹானா என்னிடம் கேட்டிருந்ததை நான் இன்னும் செய்யவில்லை.

நற்பிட்டிமுனையைச் சேர்ந்த அவர் பௌதிகவியல் விரிவுரையாளர். ஈயம் கலக்காத சூரியக்கலம் செய்ய முயன்றவர். ஈயம் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் என்னும் படிகக் கலம் நன்றாக மின்சாரம் தரும். ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் என்ற உலோகம் வைத்து அதைப்போன்ற ஒன்றைச் செய்தால் மின்சாரம் குறையும். "காத்தடிச்சா கூரை பறக்கிற ஊரு காக்கா இது. கலம் உடைஞ்சி ஈயம் கிணத்துக்க போனா ஆரு பதில் செல்றது?" என்று அண்ணன் முறையில் என்னிடம் கேட்பார். நம் மணல் கிணறுகளுக்கு ஆழம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும்.

சென்ற வருடம் அவருடைய கலம் எதிர்பாராத அளவு மின்சாரம் காட்டியது. எங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்தில் எழுதினேன். கல்முனையில் ஒரு மின்சாமான் கடைக்காரர் அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

சில வாரங்களில் றிஹானா என்னை ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். நடுவில் சிறு சதுரம் வெட்டிய கறுப்புத் தகட்டைக் கலத்தின்மேல் வைத்தார். மானியில் எண் சரிந்தது. ஓரங்களில் விழுந்த வெளிச்சமும் முன்பு அளவில் சேர்ந்திருக்கிறது.

"பெரிய எண்ணக் கண்டோன திரும்ப அளக்கப் பயந்துட்டன். இப்ப ஆராச்சும் இத நம்பி அடுத்த கலத்தச் செஞ்சிருவாங்களோண்டு பயமா இரிக்கி" என்றார். பல்கலைக்கழகத்துக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். பத்திரிகையில் திருத்தம் வருவதுதான் மிச்சம்.

"போடுறன் தங்கச்சி" என்றேன். போடவில்லை. என் பெயரில் வந்த முதற்பக்கச் செய்தி பிழை என்று அச்சிட எனக்குத் துணிவில்லை.

உம்ராவுக்காக மக்கா போகுமுன், செய்த குறைகளைப் பொறுக்கும்படி வீடுவீடாகப் பொருத்தம் கேட்டு வந்த றிஹானா என் வீட்டுக்கும் வந்தார். அவர் வாய் திறக்குமுன், "எல்லாம் பொறுத்துக்கிட்டன், நீங்களும் பொறுத்துக்கங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "வாயால பொருத்தம் குடுக்கிறது ஒங்களுக்கு லேசு. எனக்கு அது வேணாம் காக்கா. பேப்பர்ல போடுங்க."

"போய்ட்டு வாங்க, மறுகா போடுவம். தேத்தண்ணி குடிங்க."

"போட்ட பேப்பரக் காட்டுங்க, குடிக்கிறன்" என்று எழுந்து போனார்.

இனி அவரிடம் காட்ட முடியாது. மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் சாட்சியாக வாசியுங்கள்: நான் எழுதிய எண் பிழை. அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் றிஹானா. அதைச் சொல்லாமல் வைத்திருந்தவன் நான். சரியான எண் சிறியது. ஆனால் அந்தக் கலத்தில் ஈயம் இல்லை. அவரிடம் படித்த பிள்ளைகளே, அங்கிருந்து தொடங்குங்கள்.

எண்ணொன்று மனதுக்கு மிகவும் பிடித்துப்போனால் இப்போது எனக்குப் பயம் வருகிறது; திரும்ப அளந்தீர்களா என்று கேட்கிறேன். றிஹானாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பயம்.