பேரின்பம் தோற்ற பந்தயம்

பேஸ்போல் அட்டை உலகின் மாமன்னனாகிய நான், இன்று ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் என் நண்பன் பேரின்பத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய்வந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் அமெரிக்கப் படைமுகாமில் கோப்பை கழுவினோம். கழுவிய கோப்பைகளை அடுக்கியிருந்தால் சந்திரனில் முட்டியிருக்கும். சிப்பாய்கள் எறிந்த, பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்தோம், அதுவும் பெரிய வீரர்களுக்கென்று அமெரிக்காவில் இருக்கும் புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர்களை மட்டும்.

“மண்டபத்துக்குள்ள போனவனை உலகம் பாக்கும் மச்சான். மிச்ச ஆக்களை நாங்கள் பாப்பம்” என்பான்.

நான் தேடிய இடதுகைக்காரர் அவனிடம் இருந்தார். அவன் தேடிய பெரிய காதுக்காரர் என்னிடம் இருந்தார். முதலில் தன் அட்டையை விட்டுக்கொடுப்பவன் தோற்றவன் என்று பந்தயம். நாற்பது வருடம் இருவரும் அசையவில்லை.

இன்று அவன் மகள் ஓர் உறையை நீட்டினாள். உள்ளே இடதுகைக்காரர்.

“அப்பா ஆஸ்பத்திரியில தந்தவர், அங்கிள். தான் தோத்திட்டன் எண்டு சொல்லச் சொன்னவர்.”

“எப்ப பிள்ளை?”

“நீங்கள் பாக்க வந்த அண்டைக்கு. நீங்கள் போனாப் பிறகு.”

அன்று பெரிய காதுக்காரர் என் சட்டைப் பையில்தான் இருந்தார். அவன் எழும்பி வரட்டும், பார்க்கலாம் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆக, பிரபஞ்சத்தின் வெற்றிவீரன் நானே. இந்தப் பட்டத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். பதிலுக்கு எதைத் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.